இரும்புக்கை மாயாவிக்கு ஓர் அலமாரி
(வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இவ்விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, அறிவித்த நேரத்துக்கு முன்பே வந்து முன்வரிசையில் அமர்ந்து எங்களையெல்லாம் வெட்கப்பட வைத்த மாமன்ற உறுப்பினர் அவர்களே, நம் பகுதியில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, இன்றும் அவர்களின் பிழைகளைத் தெருவில் நிறுத்தித் திருத்தும் முன்னாள் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, இன்று மாலை ஆட்டத்தை நிறுத்திவைத்து இந்தக் கூடத்தையும் நாற்காலிகளையும் நமக்கு விட்டுக்கொடுத்த கேரம் மன்றச் செயலாளர் அவர்களே, நூலகர் அவர்களே, வண்ணாரப்பேட்டை, ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். கேரம் மன்றத்தாருக்கு இன்னொரு முறையும் நன்றி சொல்கிறேன்; வடசென்னையில் ஒரு மாலை ஆட்டத்தை விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய தியாகம் என்பதை நான் அறிவேன்.

சிறுவயதில் நம் கைகளில் இருந்தவற்றைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். பொம்மைகள், படக்கதைகள், பேய்க்கதை இதழ்கள் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நம் வீடுகளில் நகம் கடிப்பவனையும் பொய் சொல்பவனையும் பார்த்துத்தான் இதைச் சொல்வது வழக்கம். எட்டு வயதில் எழுத்துக்கூட்டிப் படக்கதை படித்தவன், தலை நரைத்த பிறகும் இந்தக் கூடத்துக்கு வந்து புத்தகத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றால், அந்தப் பழமொழியை நான் வாழ்த்தாகவே எடுத்துக்கொள்வேன்.

1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக ‘இரும்புக்கை மாயாவி’ வந்தது. இங்கிலாந்தில் ‘வேலியண்ட்’ என்னும் வார இதழில் 1962இல் தொடங்கிய கதை அது. ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ அதை வரைந்தார். விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஒருவன், உடலில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவான். இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். லண்டனும் தெரியாமல், ஸ்பெயினும் தெரியாமல், அவன் ராயபுரத்துக்காரன் என்றே நாங்கள் நம்பினோம்.

எங்கள் தெருவில் ஒரு நண்பன் இருந்தான். பெயர் வேண்டாம், அவனுடைய பேரப்பிள்ளைகள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அவன் சிகரெட் பெட்டிகளின் வெள்ளித்தாளைப் பொறுக்கிச் சேர்த்து, வலக்கையில் முழங்கை வரை சுற்றிக்கொண்டு, தெருமுனை மாவு மில்லுக்குப் போய் நின்றான். எங்கள் வீடுகளில் அப்போது மின்சாரம் இல்லை. மோட்டார் இருந்த இடம் அது ஒன்றுதான். “அண்ணே, எனக்குக் கொஞ்சம் கரண்டு குடு” என்று கேட்டான். வேறொருவராக இருந்தால் முதுகில் இரண்டு வைத்து அனுப்பியிருப்பார். மில்காரரோ அவனை மோட்டாரிலிருந்து தள்ளிக் கிடந்த ஒரு பலகையின்மேல் நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது, தரை அதிர்ந்தது, பலகையும் அதிர்ந்தது. “ஐயையோ, இங்க நின்ன புள்ள எங்கம்மா?” என்று மில்காரர் கண்ணைக் கசக்கினார். அரிசித் தூக்குகளோடு வரிசையில் நின்ற பெண்களில் ஒருவர் நொடியில் புரிந்துகொண்டு, “கை மட்டும் தெரியுது பாரு!” என்று அலறினார். அவ்வளவுதான், தெரு முழுவதும் அந்த ஆட்டத்தில் சேர்ந்துகொண்டது. நண்பன் டீக்கடைக்குள் நுழைந்து கண்ணாடிப் புட்டியில் கைவிட்டு ஒரு பட்டர் பிஸ்கட்டை எடுத்தான், டீ மாஸ்டர், “பிஸ்கட்டு தானா பறக்குதேப்பா!” என்று கடைக்கு வெளியே ஓடினார். சலூனுக்குப் போனான், அங்கும் அவனை எவரும் காணவில்லை. இப்படியே ராஜநடை போட்டுக்கொண்டு அவன் வீட்டு வாசலுக்கு வந்தபோது, மீன் விற்றுத் திரும்பிய அவனுடைய தாயார் கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். தெருவில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. “இன்னாடா இது கோலம்?” என்று காதைப் பிடித்தார். அவன் வலியை மறந்து, “உனக்கு மட்டும் நான் எப்டிம்மா தெரியறேன்?” என்றான். “பெத்தவ கண்ணுக்குத் தெரியாம எங்கடா போயிடுவ நீ?” என்றார் அந்த அம்மா.

(கைதட்டல் அடங்கச் சற்று நேரமாயிற்று.)

அந்த நண்பன் பின்னாளில் துறைமுகத்தில் மின்பணியாளனாகச் சேர்ந்தான். அதற்கு மாயாவிதான் காரணமா என்று நான் கேட்டதில்லை.

அடுத்து, பேய்கள். நமக்குப் பேய்கள் சிறுவர் இதழுக்குள்ளேயே குடியிருந்தன. 1947 ஜூலையில் இந்தச் சென்னையில் பிறந்த அம்புலிமாமாவில், வாளேந்திய விக்கிரமாதித்தன் பிணத்தைத் தோளில் சுமந்து நடக்க, வேதாளம் கதை சொல்லிக்கொண்டே வரும். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இரவில் தனியே கொல்லைப்பக்கம் போகாதவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அமெரிக்காவிலோ பழைய திகில் திரைப்படங்கள் 1957இல் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டு இரவுகளில் ஓடத் தொடங்கின. அந்த மோகத்தை நம்பி, ஃபாரஸ்ட் ஆக்கர்மேன் என்பவரை ஆசிரியராகக் கொண்டு 1958இல் ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்’ என்ற பூத இதழே வெளிவந்தது. சிறுவனாக இருந்த ஸ்டீஃபன் கிங் அவருக்கு ஒரு கதை அனுப்பினார். அது அச்சேறவில்லை, ஆனால் ஆக்கர்மேன் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்து, பிற்காலத்தில் கிங் புகழ்பெற்ற எழுத்தாளரான பிறகு அதில் அவரிடமே கையெழுத்து வாங்கினார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். அங்கே சுடுகாட்டிலேயே தொடங்கிய பழக்கம் என்றும் சொல்லலாம். லாஸ் ஏஞ்சலஸில் தம் வீடு நிறைய ஆக்கர்மேன் சேர்த்துவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாகக் காட்டிய பூத முகமூடிகளும் இதழ்களும் அவருடைய முதுமையில் பெரும்பகுதி விற்கப்பட்டுச் சிதறின. தனி மனிதர் சேகரிப்பின் கதி அதுதான்.

நமக்கும் அதைவிடக் கொடிய இழப்பு உண்டு. வால்டாக்ஸ் சாலை வழியே நடந்துபோய் மூர்மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலைக் கிளறியவர்கள் கையை உயர்த்துங்கள். 1985 மே 30 அன்று அது எரிந்தது. எத்தனை இதழ்கள் சாம்பலாயின என்று எவரும் கணக்கெடுக்கவில்லை, ஏனென்றால் அவை கணக்கில் வைக்கத்தக்கவை என்று எவரும் கருதவில்லை.

ஆகவேதான் சொல்கிறேன், நம் கிளை நூலகத்தில் படக்கதைக்கும் பழைய சிறுவர் இதழுக்கும் பூட்டாத ஓர் அலமாரி வேண்டும்; பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் மாலை வேளையில் அந்த நூலகம் திறந்திருக்கவும் வேண்டும். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் இந்தச் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். வீட்டுக்குப் போய் ரசீதைப் பாருங்கள். எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறதே என்பார்கள். எட்டு வயதுப் பிள்ளை காசிமேட்டிலிருந்து பேருந்து மாறி எழும்பூர் போய்ப் படக்கதை படிக்குமா? நம் பரண்களில் கிடக்கும் முத்து காமிக்ஸும் ராணி காமிக்ஸும் பூந்தளிரும் எடைக்குப் போகும் முன் நூலகத்துக்கு வரட்டும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்றால், தொட்டிலுக்குப் பக்கத்தில் நூலகம் இருக்க வேண்டாமா? மாமன்ற உறுப்பினர் அவர்கள் தலையசைக்கிறார்கள். அந்தத் தலையசைப்பைக் குறிப்பேட்டில் பதிவு செய்யுமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

தலைவர் அவர்கள் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். திருவொற்றியூர் மாசித் திருவிழாவில் வாங்கிய தகரத் தவளை, எண்ணெய்த் திரியில் ஓடும் டப்பாப் படகு, சொப்புச் சாமான் ஆகியவற்றைப் பற்றி நான் சொல்ல நினைத்திருந்தவற்றை அடுத்த ஆண்டு விழாவுக்கு ஒத்திவைக்கிறேன். அலமாரிக்கான மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. பெயரையும் தெருவையும் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டுச் செல்லுங்கள், பேனா அங்கேயே கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. நன்றி, வணக்கம்.