ரெப்போ இடமாற்றமும் லேபிள்களும்

[காட்சி: பெங்களூரு, வெளிவட்டச் சாலையோர அலுவலகம். திரையில் ஓர் எக்செல் தாள்.]

வணக்கம். எங்கள் குழு பழைய சர்வரிலிருந்த அறுபது ரெப்போக்களை, அதாவது நிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் சேர்த்து வைக்கும் களஞ்சியங்களை, நிரல்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்புக்கு மாற்றத் தொடங்கியபோது, எது முடிந்தது, எது பாக்கி என்ற கணக்கு இந்தத் தாளில்தான் இருந்தது. அதுவும் மூவரிடம் மூன்று விதமாக இருந்தது.

நிரலை நகர்த்துவது பெரிய வேலையன்று. மிரர் முறையில் குளோன் செய்தால், அதாவது ரெப்போவை முழுவதுமாக நகலெடுத்தால், கிளைகளும் (இணையாக நடக்கும் வேலைகள்) டேக்குகளும் (பதிப்புக் குறிகள்) கமிட் வரலாறும் (பதிவான மாற்றங்கள்) கூடவே வந்துவிடும். இஷ்யூக்கள், அதாவது பிழைகளையும் வேலைகளையும் பதியும் குறிப்புகள், நிரலின் வரலாற்றைக் காக்கும் கிட் என்ற கருவிக்குள் இருப்பவை அல்ல என்பதால் அவை வருவதில்லை. பைத்தான் மொழியின் மூலச் செயலாக்கமான சிபைத்தானின் நிரல் 2017 பிப்ரவரியிலேயே கிட்ஹப்புக்கு வந்துவிட்டது. அதன் பிழைப் பதிவுகள் வந்து சேர 2022 ஏப்ரல் ஆயிற்று.

[காட்சி: ஓர் இஷ்யூ, வலப்புறம் இரண்டு லேபிள்கள்.]

தாளில் கணக்கு ஒத்துப்போகாததால், ஒரு ரெப்போவுக்கு ஓர் இஷ்யூ என்று திறந்தோம். இதோ, பில்லிங் ரெப்போவின் இஷ்யூ. அதில் இரண்டு லேபிள்கள், அதாவது வகையைக் காட்டும் சிறு சீட்டுகள், ஒட்டியிருக்கின்றன. 'நிலை: சரிபார்ப்பு' என்பது வேலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதையும், 'தடை: பெரிய கோப்பு' என்பது ஏன் நிற்கிறது என்பதையும் சொல்கின்றன. 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைக் கிட்ஹப் ஏற்காது என்பதால்தான் அந்தத் தடை. இவ்விரண்டையும் ஒரே லேபிளில் திணித்தால், தடை நீங்கியதும் நிலையும் சேர்ந்து அழிந்துபோகும்.

நிலை லேபிள் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்க வேண்டும். கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லாபின் கட்டணத் திட்டங்களில், பெயரில் இரட்டை முக்காற்புள்ளி (::) வைத்தால் புதியது ஒட்டும்போதே பழையது தானாக உதிர்ந்துவிடும். கிட்ஹப்பில் அந்த வசதி இல்லை. பழையதை நாமேதான் எடுக்க வேண்டும்.

[காட்சி: லேபிள் இல்லாத இஷ்யூக்களின் பட்டியல்.]

இது என் கைங்கரியம். ஓர் இஷ்யூவை வேறு ரெப்போவுக்கு மாற்றும்போது, அங்கே அதே பெயரில் லேபிள் இருந்தால் மட்டுமே அது உடன் வரும். அதை அறியாமல் மாற்றிவிட்டு, ஒரு மாலை முழுவதும் கையால் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ரெப்போவின் லேபிள்களை இன்னொன்றுக்கு நகலெடுக்கும் 'லேபிள் குளோன்' என்ற, கிட்ஹப்பின் கட்டளைவரிக் கருவியிலுள்ள கட்டளையை முதலில் ஓட்டியிருந்தால் போதும். பெயர் பிடிக்கவில்லையென்றாலும் லேபிளை அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள். அழித்தால் எல்லா இஷ்யூக்களிலிருந்தும் அது போய்விடும்.

கடைசி லேபிள் 'நிலை: பழையது பூட்டியாயிற்று'. பழைய சர்வரில் எழுதும் அனுமதியை நிறுத்தும் முன்பே ஓர் இஷ்யூவை மூடியதால், ஒருவர் இரண்டு நாள் தன் மாற்றங்களை அங்கேயே அனுப்பிக்கொண்டிருந்தார், அதாவது புஷ் செய்துகொண்டிருந்தார். அதன் பிறகு இந்த லேபிள் ஏறாத எந்த இஷ்யூவையும் நாங்கள் மூடுவதில்லை.