ஃபோல்டரே இல்ல, இடம் எவ்வளவுன்னு கேட்டா?

[திரை: ஈமேக்ஸ், டைர்ட் பட்டியல். மேல் வரி மட்டும் பெரிதாகிறது.]

ஈமேக்ஸ்ங்கிற டெக்ஸ்ட் எடிட்டர்ல ஒரு ஃபோல்டரைத் திறந்தா, டைர்ட்ங்கிற ஃபைல் பட்டியலுக்கு மேலயே டிஸ்க்ல எவ்வளவு இடம் பாக்கின்னு காட்டும். இப்ப டெர்மினலுக்குப் போய் அந்த ஃபோல்டரையே அழிச்சிடுறேன். ஈமேக்ஸுக்கு இது தெரியாது. பஃபர், அதாவது அந்தப் பட்டியல் இருக்கிற பக்கம், அப்படியே திறந்து கிடக்கு.

[திரை: இரண்டு பெட்டிகள், "கேட்கும் இடம்", "நிற்கும் இடம்".]

இங்க ரெண்டு ஃபோல்டர் இருக்கு, அதைக் குழப்பிக்கக் கூடாது. ஒண்ணு, எதைப் பத்திக் கேக்குறோமோ அது, கேக்குற இடம். இன்னொண்ணு, பஃபர் தன்னோடதுன்னு வெச்சிருக்கிற ஃபோல்டர், அதாவது டீஃபால்ட் டைரக்டரி. அது நிக்கிற இடம்.

பழைய ஈமேக்ஸ் காலி இடத்தைத் தெரிஞ்சுக்க டிஎஃப் (df) கட்டளையை ஓட்டும். டிஸ்க்ல எவ்வளவு காலின்னு சொல்ற தனி புரோகிராம் அது. வெளி புரோகிராம் எதுவா இருந்தாலும் முதல்ல டீஃபால்ட் டைரக்டரிக்குள்ள போயிட்டுத்தான் ஓடும். அது அழிஞ்சிருந்தா டிஎஃப் கிளம்பவே கிளம்பாது, எர்ரர்தான் வரும். நீங்க கேட்டது நல்லா இருக்கிற வேற ஃபோல்டரா இருந்தாலும் இதே கதி! பிழையைத் தேடுறவங்க பெரும்பாலும் கேட்ட ஃபோல்டரையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருப்பாங்க.

2020ல வந்த 27.1 பதிப்புல இந்த வேலையை ஈமேக்ஸே நேரா ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கிட்ட கேட்டுக்குது. டிஎஃப் தேவையில்ல. அதனால நிக்கிற இடம் இதுல ஒரு பொருட்டே இல்ல. கேக்குற இடம் இல்லாட்டி என்ன செய்யறதுங்கிறது மட்டும் பாக்கி.

[திரை: மூன்று பதில்கள். முதலில் "0".]

சுழியம் சொல்லலாமா? கூடாது. டிஸ்க் நிரம்பிடுச்சுன்னு அர்த்தமாயிடும்.

[திரை: யூஎஸ்பி டிரைவ் பிடுங்கப்படுகிறது.]

மேல இருக்கிற ஃபோல்டருக்கு ஏறிப் போய்க் கேக்கலாமா? புது ஃபோல்டர் உருவாக்கி அதுல சேமிக்கப் போறோம்னா இது சரியான வழிதான். ஆனா யூஎஸ்பியைக் கழட்டிட்டா அது மாட்டியிருந்த ஃபோல்டரும் பெரும்பாலும் சேர்ந்தே மறைஞ்சிடும். அப்ப மேல ஏறினா கிடைக்கிறது உங்க லேப்டாப் டிஸ்கோட கணக்கு. 16 ஜிபி டிரைவ்ல 200 ஜிபி காலின்னு காட்டும்! எர்ரர் வந்தாக்கூடப் பரவாயில்ல, இதை நம்பி யாராவது காப்பி போட ஆரம்பிச்சிடுவாங்க.

[திரை: "நில்".]

மிச்சம் இருக்கிறது நில் (nil), அதாவது "பதில் இல்ல". காலி இடத்தைக் கண்டுபிடிக்க முடியலன்னா நில் வரும்னு, அதைக் கேக்குற ஈமேக்ஸ் ஃபங்ஷனோட விளக்கக் குறிப்பே சொல்லுது. நீங்க எழுதுற புரோகிராம் அதை எண்ணா நினைச்சுக் கூட்டிக் கழிக்காம, நில் வந்தா எண்ணையே காட்டாம விட்டுடணும்.

[திரை: மேல் வரியில் ஃபோல்டர் பெயர் மட்டும். எண் இல்லை.]