செல்லின் சரக்குப் பாதையை மறிக்கும் வைரஸ்கள்

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் மருத்துவப் பேராசிரியப் பெருமக்களே, வாழ்த்துரை வழங்கி அமர்ந்திருக்கும் சான்றோர்களே, இரத்தக் கொடையாளர் சங்கங்களிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, இருக்கை கிடைக்காமல் பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன் உரையாற்றிய பெரியவர் வைரஸ்களின் வரலாற்றைக் கோவையாக எடுத்துரைத்து என் சுமையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். அவருக்கும், என்னை அழைத்த விழாக்குழுவினருக்கும் நன்றி. 'அகல உழுவதிலும் ஆழ உழு' என்பார்கள். அவ்வழியே நானும் ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொள்கிறேன்: செல்லுக்குள் ஒரு புரதம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவிடாமல் வைரஸ் எவ்வாறு தடுக்கிறது? எச்.ஐ.வி.யின் நெஃப், சைட்டோமெகலோ வைரஸின் யு.எஸ்.11, கொரோனா வைரஸின் ஓ.ஆர்.எஃப்.6 ஆகிய மூன்று புரதங்களைக் கொண்டு இதை விளக்க எண்ணியிருக்கிறேன்.

செல்லின் மேற்பரப்புக்குச் செல்ல வேண்டிய புரதம் எண்டோபிளாச வலைப்பின்னல் என்ற உட்சவ்வு அறைகளுக்குள் நுழைந்து, கோல்கை என்ற உறுப்பில் பக்குவப்பட்டு, நுண்பைகளில் ஏறிச் செல்லின் வெளிச்சவ்வை அடைகிறது. எங்கே செல்ல வேண்டும் என்ற குறிப்பு அப்புரதத்திலேயே பொதிந்துள்ளது என்று காட்டிய குந்தர் புளோபெல் 1999இல் நோபல் பரிசு பெற்றார். நுண்பைப் போக்குவரத்தை விளக்கிய ராத்மன், ஷெக்மன், சூதாஃப் மூவரும் 2013இல் அப்பரிசைப் பெற்றனர். அவர்களுள் ராத்மன், வைரஸ் தொற்றிய செல்களையே தம் ஆய்வுக்குக் கருவியாகக் கொண்டார் என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

நெஃப் மிகச் சிறிய புரதம். ஏறத்தாழ 206 அமினோ அமிலங்களே அதில் உண்டு. எதையும் வெட்டும் ஆற்றல் அதற்கு இல்லை; செல்லின் சொந்த ஆட்களைப் பிடித்துத் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. எச்.ஐ.வி. செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும், சவ்வில் நிற்கும் சி.டி.4 புரதத்தின் வால்பகுதியையும், உள்ளிழுக்கும் நுண்பையைக் கட்டும் ஏ.பி.-2 என்ற புரதக் கூட்டையும் ஒருசேரப் பற்றிக்கொள்ள, சி.டி.4 உள்ளே இழுக்கப்பட்டு, செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் சிதைகிறது. தொற்றை நோயெதிர்ப்புப் படையான டி செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் எம்.எச்.சி. முதல் வகை மூலக்கூறுகளையோ, ஏ.பி.-1 என்ற இன்னொரு புரதக் கூட்டின் வழியாகத் திசைதிருப்பி லைசோசோமுக்கே அனுப்பிவிடுகிறது. ஆனால் எல்லாவற்றையும் அது அகற்றுவதில்லை. மனிதரின் எம்.எச்.சி. மூலக்கூறுகளுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர்; அவற்றுள் ஏ, பி ஆகிய வகைகளை இறக்கிவிட்டு, ஈ என்ற வகையை மேற்பரப்பிலேயே விட்டுவைக்கிறது. மேற்பரப்பு முற்றிலும் வெறுமையானால், இம்மூலக்கூறுகள் இல்லாத செல்லைத் தேடி அழிக்கும் இயற்கைக் கொல்லி செல்கள் ஐயமுற்றுத் தாக்கிவிடும் அல்லவா?

இதன் முழுப்பொருளை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நடந்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதிக்க வேண்டும். 1980களின் முற்பகுதியில், இரத்தத்தில் எச்.ஐ.வி.யைக் கண்டறியும் சோதனை இல்லாத காலத்தில், தொற்று இருப்பதை அறியாமலே ஒருவர் இரத்தம் கொடுத்தார். அதைப் பெற்றவர்களுக்கும் தொற்று ஏற்பட்டது. சோதனை வந்த பிறகு, யார் கொடுத்த இரத்தம் யாருக்குச் சென்றது என்று இரத்த வங்கியின் பதிவுகளைக் கொண்டு தேடிச் சென்றவர்கள் வியப்படைந்தனர். கொடுத்தவரும் பெற்றவர்களும், மருந்து இன்றியே, ஆண்டுக்கணக்கில் எய்ட்ஸ் நிலையை எட்டாமல் இருந்தனர். வயதும் உடல்நிலையும் வேறுபட்ட இவர்களைப் பிணைத்தது ஒரே வைரஸ். 1995இல் அதன் மரபணுத் தொடரைப் படித்தபோது விடை கிடைத்தது: நெஃப் மரபணுவின் ஒரு பகுதியும், அதை ஒட்டிய பகுதியும் அறுபட்டிருந்தன. இதையே தடுப்பூசியாக்கலாம் என்ற நம்பிக்கை உடனே எழுந்தது. ஆனால் கண்காணிப்பு நிற்கவில்லை. அவர்களுள் சிலருக்குச் சி.டி.4 செல்கள், அதாவது எச்.ஐ.வி. தாக்கும் நோயெதிர்ப்புச் செல்கள், குறையத் தொடங்கியதை 1999இல் அறிவித்தார்கள். அவசரப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்! ஆழ உழு என்றது இதற்காகத்தான்.

யு.எஸ்.11 வேறொரு வழியில் செல்கிறது. புதிதாகத் தோன்றும் எம்.எச்.சி. மூலக்கூறின் புரதச் சங்கிலியை எண்டோபிளாச வலைப்பின்னலிலிருந்தே வெளியே தள்ளி, புரதங்களைச் சிதைக்கும் பொறியான புரோட்டியாசோமிடம் சில நிமிடங்களில் ஒப்படைக்கிறது. இதை 1996இல் ஆராய்ந்தபோதுதான், கெட்ட புரதங்களைச் செல் வெளியேற்றும் வழியும் தெளிவாகத் தொடங்கியது. உட்கருத் துளையில் வழிமறிக்கும் ஓ.ஆர்.எஃப்.6 பற்றிப் பேச இன்னொரு மேடை வேண்டும்.

சிட்னிக் கண்டுபிடிப்புக்கு முதல் காரணம் நுண்ணோக்கி அன்று, ஒரு பதிவேடு! கொடையாளர் யார், பெற்றவர் யார் என்ற குறிப்புகளை யாரேனும் இடம் போதவில்லை என்று எரித்திருந்தால், நெஃப் பற்றிய இந்தச் சான்று நமக்குக் கிட்டியிருக்காது. இரத்த வங்கிப் பதிவுகளைப் பல பத்தாண்டுகள் பாதுகாக்க வேண்டும், நீண்டகாலக் கண்காணிப்பு ஆய்வுகளுக்கு இடைநிற்காத நிதி ஒதுக்க வேண்டும் என்று நான் மேடைதோறும் மன்றாடுவது இதனால்தான். அகல உழும் திட்டங்களுக்கு நிதி எளிதில் கிடைக்கிறது. ஆழ உழுபவர்கள் ஆண்டுதோறும் கையேந்துகிறார்கள். தலைவர் அவர்கள் இதை உரிய இடத்தில் எடுத்துரைக்க வேண்டும். கோரிக்கை மனு வாயிலருகே வைக்கப்பட்டிருக்கிறது. கொடையாளர் சங்க நண்பர்கள் முதலில் கையொப்பமிட்டு உதவ வேண்டுகிறேன். நன்றி, வணக்கம்.