ஒரு லோரி குலை, மூணு சட்டம்: லாயர் ஆகப்போற தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு

வணக்கம், பந்திங்ல இருந்து பேசறேன். பின்னால கேட்கிற சத்தம் லோரிங்க. கிள்ளான் துறைமுகத்துக்குப் போற வழி இது, கொஞ்சம் பொறுத்துக்குங்க.

லா படிக்கிற பிள்ளைங்க கேட்கிறது இதுதான்: டேட்டா பிரைவசியா, இண்டர்நேஷனல் ட்ரேடா, ஆர்பிட்ரேஷனா (கோர்ட்டுக்கு வெளிய நடுவர் வச்சுத் தீர்க்கிறது), எதை எடுக்கிறது? மூணும் மூணு தனிக் கடைன்னு நினைச்சா இப்படித்தான் குழம்பும். நம்ம ஊர்ல ஏத்தற ஒரு லோரி செம்பனைக் குலைக்குப் பின்னாலயே போய்ப் பாருங்க, மூணும் அதே ரோட்டுலதான் கிடக்கு.

இந்தத் தாளைக் கேமரா கிட்ட கொண்டு வரேன். இன்னும் நிரப்பாத ஃபாரம்தான். குலை எடை போடற இடத்துல சின்னத் தோட்டக்காரங்ககிட்ட நிரப்பச் சொல்ற மாதிரி. பேரு, ஐசி நம்பர், போன் நம்பர், எம்பிஓபி (மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம்) லைசன்ஸ், கிராண்ட்ல, அதாவது நிலப் பத்திரத்துல, இருக்கிற லாட் நம்பர், பேங்க் கணக்கு. கடைசிக் கட்டத்தைப் பாருங்க: ஜிபிஎஸ் புள்ளி. அது எதுக்கு? ஐரோப்பிய ஒன்றியத்தோட காடழிப்புச் சட்டம், 2023/1115. 2020 டிசம்பர் 31க்கு அப்புறம் காட்டை அழிச்சு நட்ட நிலத்துல இருந்து வந்த செம்பனை, ரப்பர் உள்ளே போகக்கூடாது. அதைக் காட்ட நிலம் எங்க இருக்குன்னு சொல்லணும். 4 ஹெக்டேருக்கு மேல, அதாவது ஏறக்குறைய 10 ஏக்கருக்கு மேல இருந்தா ஒரு புள்ளி பத்தாது, எல்லையைச் சுத்தி வரைஞ்சு கொடுக்கணும். அமலுக்கு வர்ற தேதி ரெண்டு தடவை தள்ளிப் போச்சு. ஆனா தேதி வரட்டும்னு காத்திருந்தா ஆயிரக்கணக்கான நிலத்துக்கு விவரம் சேர்க்க நேரம் இருக்காது, அதனால ஃபாரம் இப்பவே வந்திடுது.

இப்ப லாயர் கண்ணோட பாருங்க. அந்தப் புள்ளிக்குப் பக்கத்துல பேரும் ஐசியும் இருக்கு. அப்ப அது தனிநபர் தரவு, வியாபாரத்துக்காக வாங்கினது. நம்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிடிபிஏ 2010, வந்து உட்கார்ந்திடுது. முதல் தப்பு இங்கயே நடக்கும். ஏதோ ஒரு ஷாப்பிங் கடையோட பிரைவசி நோட்டீஸை வெட்டி ஒட்டுவாங்க. அதுல ‘வெளிநாட்டுக்கு அனுப்புவோம்’னு ஒரு வரியும் இருக்காது, ஆனா ஃபைல் நெதர்லாந்துல இருக்கிற ரோட்டர்டாமுக்குப் போயிட்டிருக்கும். வெளிநாட்டுக்கு அனுப்பறதைப் பத்தின பிடிபிஏ 129வது பிரிவு 2025 ஏப்ரல்ல மாறிடுச்சு. எந்த நாட்டுக்கு அனுப்பறீங்களோ அங்க நம்ம சட்டம் மாதிரி ஒண்ணு இருக்கா, இல்ல அதே அளவு பாதுகாப்பு கிடைக்குதான்னு அனுப்பறவங்கதான் பார்க்கணும். பார்த்ததை எழுதியும் வைங்க, நாளைக்குக் கேட்டா காட்ட ஒரு தாள் வேணும். நோட்டீஸ் மலாய்லயும் இங்கிலீஷ்லயும் இருக்கணும்னு சட்டம் சொல்லுது. தமிழ்ல கொடுக்கணும்னு இல்ல. ஆனா கையெழுத்துப் போடறவருக்குப் புரியற மொழியில ஒரு பக்கம் சேர்த்துக் கொடுங்க, பின்னால ‘எனக்குத் தெரியாது’ங்கிற பேச்சு குறையும்.

இன்னொண்ணு, ஆபீஸ் வாசல்ல கைரேகை மெஷின் இருக்கா? 2024 திருத்தத்துக்கு அப்புறம் அது சென்சிட்டிவ் தரவு, அதாவது கூடுதல் பாதுகாப்பு வேண்டிய தரவு. வெளிப்படையான சம்மதம் வேணும், ஏதோ ஒரு ஃபாரத்துல மறைஞ்சு கிடக்கிற ஒரு வரியை நம்பாதீங்க.

2025 ஜூன் 1ல இருந்து ரெண்டு கடமை புதுசு. 20,000 பேருக்கு மேல தரவு வச்சிருந்தா, இல்ல பணக் கணக்கு விவரம் உட்பட சென்சிட்டிவ் தரவு 10,000 பேருக்கு மேல இருந்தா, டிபிஓ (தரவுப் பாதுகாப்பு அதிகாரி) நியமிக்கணும், 21 நாளுக்குள்ள தரவுப் பாதுகாப்பு ஆணையர்கிட்ட பதியணும். டிபிஓ லாயராத்தான் இருக்கணும்னு இல்ல. அதனால ‘டிபிஓ ஆகறேன்’னு மட்டும் கணக்குப் போடாதீங்க, ஐடி ஆளுங்களும் அதே வரிசையில நிக்கறாங்க. ரெண்டாவது, தரவு கசிஞ்சு அது பெரிய பாதிப்புன்னா 72 மணி நேரத்துல ஆணையருக்கு அறிவிப்பு. 1,000 பேருக்கு மேல பாதிச்சாலே பெரிசுன்னு எடுத்துக்குவாங்க. ஆளுங்களுக்கே பெரிய கேடு வரும்னா, அதுக்கப்புறம் 7 நாளுக்குள்ள அவங்களுக்கும் சொல்லணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணி ஓட ஆரம்பிச்சா திங்கட்கிழமை சாயங்காலம் முடிஞ்சிடும், சனி ஞாயிறு கழிக்க மாட்டாங்க. அறிவிக்காம விட்டா 250,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டுமே.

சரி, எண்ணெய் கப்பல் ஏறிடுச்சு. இப்ப ட்ரேட். உலக வர்த்தக அமைப்பு வழக்கை எல்லாரும் பெரிசா பேசுவாங்க. பாமாயிலுக்காக மலேசியா ஐரோப்பிய ஒன்றியத்துமேல போட்ட டிஎஸ்600ங்கிற வழக்கு, 2024 மார்ச்ல அறிக்கை வந்தது. படிங்க, நல்லது. ஆனா அங்க கட்சிக்காரங்க அரசாங்கங்கள். உங்க மேசைக்கு வரப்போறது வித்தவன் வாங்கினவன் சண்டை.

உதாரணம் எஃப்எஃப்ஏ, எண்ணெய்ல தனியா பிரிஞ்சு நிக்கிற கொழுப்பு அமிலம். கச்சாப் பாமாயில்ல அது 5 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு வழக்கமா எழுதுவாங்க. அடிபட்ட குலை, மில்லுக்கு லேட்டா போன குலை, தண்ணி கலந்த எண்ணெய், டேங்க்ல அதிகச் சூடு, எல்லாமே அதை ஏத்தும். கிள்ளான்ல 4.6, ரோட்டர்டாம்ல இறக்கும்போது 5.4ன்னு வைங்க. யார் தலையில விழும்? தரத்துக்கு ஏத்தற இடத்துச் சாம்பிள் முடிவா, இறக்கற இடத்துச் சாம்பிள் முடிவான்னு காண்ட்ராக்ட்ல தேடுங்க. அப்புறம் சாம்பிள் பாட்டில் சீல். சீல் நம்பரும் ரிப்போர்ட்ல இருக்கிற நம்பரும் ஒத்துப் போகலன்னா, எவ்வளவு நல்ல வாதமும் அங்கயே சாஞ்சிடும்.

காண்ட்ராக்ட்ல சிஐஎஃப்னு (சரக்கு விலை, இன்சூரன்ஸ், கப்பல் கட்டணம் எல்லாம் சேர்ந்த விலை) போட்டிருந்தா, இன்கோடெர்ம்ஸ் 2020ங்கிற சர்வதேச வியாபாரச் சொல் விதிகளை எடுத்து வச்சுப் படிக்க ஆரம்பிப்பாங்க. நில்லுங்க. லண்டன்ல இருக்கிற ஃபோஸ்ஃபாங்கிற எண்ணெய், கொழுப்பு வியாபாரச் சங்கத்தோட காண்ட்ராக்ட்னா, இன்கோடெர்ம்ஸ் பொருந்தாதுன்னு அதுலயே எழுதியிருக்கும். இங்கிலாந்துச் சட்டம், லண்டன்ல ஆர்பிட்ரேஷன், அதுக்கு மேல ஒரு அப்பீல் போர்டு. விசாரணையில லாயர் நின்னு பேசறதுக்குத் தனி அனுமதி வேணும். ஆனா மனு எழுதறதும் ஆதாரம் அடுக்கறதும் யாரோ ஒரு லாயர்தான். பேசத் தெரியாட்டியும் எழுதத் தெரிஞ்சவங்களுக்கு நல்ல இடம்.

நாமே காண்ட்ராக்ட்ல ஆர்பிட்ரேஷன் ஷரத்து (clause) எழுதறோம்னா? ‘ஆர்பிட்ரேஷன் இன் கேஎல்’னு மூணு வார்த்தையில முடிக்காதீங்க. சீட் (சட்டப்படி ஆர்பிட்ரேஷன் நடக்கிற இடம்) எது, எந்த ரூல்ஸ், எத்தனை நடுவர், என்ன மொழி, எந்த நாட்டுச் சட்டம், அஞ்சும் வேணும். நடுவர் எத்தனைன்னு எழுதலன்னா நம்ம 2005 ஆர்பிட்ரேஷன் சட்டத்துல சர்வதேச வழக்குக்கு மூணு பேர். அம்பதாயிரம் வெள்ளி சண்டைக்கு மூணு நடுவர் சம்பளம், யோசிங்க. பழைய காண்ட்ராக்ட்ல ‘கேஎல்ஆர்சிஏ’ன்னு இருந்தா பயப்படாதீங்க, 2018ல பேர் மாறி ஏஐஏசி ஆன அதே கோலாலம்பூர் ஆர்பிட்ரேஷன் மையம்தான். புதுசா எழுதும்போது மட்டும் புதுப் பேரைப் போடுங்க.

எதிர்ப்பக்கம் இதையெல்லாம் தாண்டி நேரா கோர்ட்டுக்குப் போயிட்டா அதே 2005 சட்டத்தோட 10வது பிரிவுல ஸ்டே, அதாவது கோர்ட் வழக்கை நிறுத்தி வைக்கச் சொல்லி, கேட்கலாம். வேற எந்த ஸ்டெப்பும் எடுக்கறதுக்கு முன்னால கேட்கணும். பழக்க தோஷத்துல டிஃபென்ஸை ஃபைல் பண்ணிட்டா, ஆர்பிட்ரேஷனைக் கையை விட்டாச்சு. நடுவர் தீர்ப்பு வந்த பிறகு அதை ரத்து செய்யச் சொல்லிக் கோர்ட்ல கேட்க, கைக்குக் கிடைச்சதுல இருந்து 90 நாள்.

லாயர் ஆகற பாதையைச் சுருக்கமா சொல்லிடறேன். மலாயா, யுகேஎம் மாதிரி உள்ளூர் எல்எல்பின்னா நேரா சேம்பரிங், அதாவது ஒரு மூத்த லாயர்கிட்ட பயிற்சி. இங்கிலாந்து எல்எல்பின்னா இங்க சிஎல்பி தேர்வு, இல்ல அங்கயே பார் (வழக்கறிஞர் தகுதி). எஸ்பிஎம் மலாய்ல கிரெடிட்டை விட்றாதீங்க, இல்லாதவங்க தனியா ஒரு மொழித் தேர்வு எழுதணும். சேம்பரிங் 9 மாசம், பயிற்சி கொடுக்கிற மாஸ்டருக்கு 7 வருஷப் பிராக்டிஸ் இருக்கணும். சர்ட்டிபிகேட் கோர்ஸ் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். சின்ன டவுன் ஆபீஸ்ல பெரும்பாலும் வீடு, நில மாத்தம்தான் ஓடும், அதனால இந்த வேலை வேணும்னா இண்டர்வியூலயே ஒண்ணு கேளுங்க: “போன ஒரு வருஷத்துல இந்த ஆபீஸ்ல எத்தனை பில் ஆஃப் லேடிங் (கப்பல் சரக்குச் சீட்டு) ஃபைல் வந்துச்சு, அதைப் பியூப்பில் (சேம்பரிங் செய்றவங்க) தொட்டாங்களா?” பதில் இழுத்துச்சுன்னா கிள்ளான், ஷா ஆலம் பக்கம் ரெண்டு விண்ணப்பம் சேர்த்துப் போடுங்க.