பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் வீடு: டேப்பை எங்கிருந்து பிடிப்பது?

[காட்சி: தஞ்சைப் பெரிய கோயிலும் சுற்றுத் தெருக்களும், மேலிருந்து]

குரல்: தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இரண்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. இவற்றுக்கு 1958ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். 2010இல் திருத்தி இறுக்கிவிட்டார்கள்.

முதலில் நினைவுச்சின்னம், அதாவது கோயில். தம் செலவில் செய்தாலும் உபயதாரர் தாமாக அதில் கைவைக்க முடியாது. சிதைத்தாலோ மாற்றினாலோ 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

[காட்சி: உதிரும் சுதை, வெள்ளை உப்புப் படிவு]

சட்டத்தை விடுங்கள், கட்டடமே ஒத்துக்கொள்ளாது. பழைய செங்கல், சுதை மேல் சிமென்ட் பூசினால் உள்ளே இறங்கிய ஈரம் அடைபட்டுப் பக்கத்துச் செங்கல் வழியே கசியும். உப்பு பூத்து, பொருக்குப் பொருக்காக உதிரும். அங்கே வேண்டியது சுண்ணாம்புக் காரை: 1 பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு 2 முதல் 3 பங்கு உப்பில்லாத மணல். விளக்கு மாட்ட இரும்புக் கொக்கி இறக்கினால் துரு பருத்துக் கல்லைப் பிளக்கும்.

[காட்சி: வரைபடத்தில் இரண்டு வளையங்கள்]

இனி சுற்றுப்புறம். எல்லாத் திசையிலும் முதல் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக் கட்டடத்துக்கு அனுமதியே கிடையாது, அரசின் பொதுப் பணிக்கும்கூட. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி, அனுமதியோடு கட்டலாம்.

பெரும்பாலோர் சறுக்குவது அளவையில்தான். விமானத்தின் அடியிலிருந்து டேப் பிடிக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட பகுதி எங்கே முடிகிறதோ அங்கிருந்துதான் கணக்கு. எல்லை எதுவென்று தொல்லியல் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

100 மீட்டருக்குள் வீடு ஏற்கெனவே இருக்கிறதா? 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீடென்றால், பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி கேட்கலாம். இடித்துக் கட்டுவதும் மாடி எழுப்புவதும் இதில் சேராது. பழைய பத்திரம், வீட்டு வரி ரசீது இரண்டையும் தேடி எடுத்து வையுங்கள்.

விண்ணப்பம் ‘தகுதி வாய்ந்த அதிகாரி’யிடம், அதாவது இந்தச் சட்டப்படி அனுமதி தரும் அதிகாரியிடம் போகும். அவர் 15 நாளுக்குள் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையத்துக்கு 2 மாதம். பிறகு அதிகாரி முடிவு சொல்ல 1 மாதம். நகராட்சியோ மாநகராட்சியோ தரும் வரைபட ஒப்புதல் இதற்கு ஈடாகாது.

[காட்சி: மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி]

அனுமதிக் கடிதத்தில் உள்ள உயரம் தளம் வரைக்கும் அல்ல. கைப்பிடிச் சுவர், மாடிப்படிக் கூண்டு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து. கூரை முடிந்தபின் தொட்டிக்கு இடம் தேடாமல், வரைபடம் போடும்போதே அதன் உயரத்தையும் கூட்டிவிடுங்கள்.