அண்டியாபீஸ்ல எடுக்க வேண்டிய போட்டோ

எல்லாருக்கும் வணக்கம். கேமராவோட இத்தன பிள்ளைங்க வந்துருக்கது சந்தோசம், நேரா விஷயத்துக்கு வந்துருதேன். அண்டியாபீஸ்ல, அதாவது முந்திரிப்பருப்பு எடுக்குற ஃபேக்டரியில, வேல பாக்குற பொம்பளைங்கள எப்படி போட்டோ எடுக்கதுன்னு தான் பேசப் போறேன். நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல பொம்பளைங்க வேல பாக்குற போட்டோன்னா என்ன இருக்கு, சூரியன் மறையுது, கடக்கரையில ஒரு அக்கா தலையில மீன் கடவத்தோட போறாங்க, ஆளு முழுக்க கறுப்பு நெழலா தெரியுது, அவ்ளோதான். அழகா இருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த அக்கா யாரு, ஏலத்துல மீன எவ்ளோவுக்கு எடுத்தாங்க, எந்த பஸ்ல ஏத்துவாங்க, ஒண்ணுமே அதுல இல்ல. 2021 டிசம்பர்ல குளச்சல் பஸ் ஸ்டாண்டுல மீன் நாத்தம்னு ஒரு பாட்டிய பஸ்ஸ விட்டு எறக்குன வீடியோ பாத்து தானே ஊரே கொதிச்சுது, அதுல அவங்க முகமும் கோவமும் இருந்துச்சு.

லண்டன்ல ஹாக்னி ஃப்ளாஷர்ஸ்னு போட்டோ எடுக்குற ஒரு பெண்கள் குழு, ஜோ ஸ்பென்ஸ்னு ஒரு போட்டோகிராஃபர் எல்லாம் அதுல இருந்தவங்க. 1975ல அங்க உள்ள பொம்பளைங்க பாக்குற வேலைகள எடுத்து கண்காட்சி வச்சாங்க. வச்ச பொறவு தான் அவங்களுக்கே தோணுது, இவங்க வேலைக்கு வந்தா பிள்ளைய யாரு பாக்கதுன்னு இதுல இல்லையேன்னு. 1978ல அதுக்குன்னே இன்னொரு கண்காட்சி, போட்டோ மட்டும் பத்தாதுன்னு கார்ட்டூன், வெட்டி ஒட்டுன படம் எல்லாம் சேத்து. எனக்கு அந்த ரெண்டாவது தான் பெருசு.

நம்ம அண்டியாபீஸுக்கு வாங்க. வறுத்த அண்டிய, அதான் முந்திரிக்கொட்டைய, கல்லுல வச்சு கட்டையால தல்லணும், தோடு மட்டும் ஒடைஞ்சு பருப்பு முழுசா வரணும், பருப்பு ஒடஞ்சா வெல போச்சு. அந்தத் தோட்டுல உள்ள எண்ணெய் பட்டா தோலு பொள்ளும், அதனால சாம்பலத் தொட்டுத் தொட்டு தல்லுவாங்க, அப்பவும் வெரலு நுனியெல்லாம் கறுத்து தான் கெடக்கும். அந்த கைய மட்டும் க்ளோசப்ல எடுத்துட்டு வந்துராதீங்க மக்களே. தராசையும் எடுங்க, கிலோ கணக்குல தான் கூலி, எடை போடும்போது அவங்க கண்ணு எங்க நிக்குதுன்னு பாருங்க. வீட்டுக்கும் போங்க, வெடியக்காலம் சோறு வடிச்சு வச்சுட்டு வாறதும் வேல தான்.

அப்புறம் எடுத்த போட்டோவ எங்க வைக்கது? பத்திரிகையாளர் சாய்நாத் 1993ல இருந்து 2002 வர கிராமத்துப் பொம்பளைங்க வேலைய எடுத்தாரு, அந்தப் படங்கள பஸ் ஸ்டாண்டு, ஃபேக்டரி கேட்டுன்னு கொண்டு வச்சாங்க. நீங்களும் கருங்கல் சந்தையில வைங்க. அதுக்கு முன்ன பிரிண்ட்ட அவங்க கையில குடுத்துப் பாக்கச் சொல்லுங்க, எத வேண்டாம்னு சொல்லுதாங்களோ அத எடுத்துருங்க. கூலி எவ்ளோன்னு படத்துக்கு கீழ எழுதுங்க, ஆனா பேரு போடலாமான்னு கேக்காம போடாதீங்க, மறுநாள் வேலைக்குப் போக வேண்டியது அவங்க.