லே மிசராப்ல்: மேடை ரசிகர்கள் ஏன் படத்தைக் குறை சொல்கிறார்கள்?

சரி, அடுத்த கேள்வி. ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "2012-இல் வந்த லே மிசராப்ல் படம் பார்த்து அழுதுவிட்டேன். ஆனால் நாடகம் பார்த்தவர்கள் எல்லோரும் படத்தைத் திட்டுகிறார்கள். நடிகர்களுக்குப் பாட வராததுதான் காரணமா? நீங்கள் மேடை இசை நாடகப் பைத்தியமாயிற்றே, உங்களுக்குப் படம் பிடித்ததா?"

பாதி பிடித்தது. எந்தப் பாதி என்று சொல்கிறேன்.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். விக்டர் ஹ்யூகோவின் நாவல். ரொட்டி திருடிச் சிறைக்குப் போன வால்ஜான், அவனை விடாமல் துரத்தும் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜாவேர். தமிழில் 1950-இல் 'ஏழை படும் பாடு' என்று படமாக வந்தது, நாகையா நடித்தார். அதில் இன்ஸ்பெக்டர் ஜாவர் வேடம் போட்ட சீதாராமனுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டு, கடைசிவரை ஜாவர் சீதாராமன் ஆகிவிட்டார். இந்த நாவலைத்தான் இசையமைப்பாளர் ஷோன்பெர்கும் பாடலாசிரியர் பூப்லிலும் இசை நாடகமாக்கினார்கள். 1980-இல் பாரிஸில் பிரெஞ்சில், 1985 அக்டோபரில் லண்டன் பார்பிகன் அரங்கில் ஆங்கிலத்தில். வெறும் வசனம் என்று அதில் ஏறக்குறைய ஒன்றுமே கிடையாது. சண்டை, விசாரணை, பணம் கேட்பது எல்லாமே பாட்டுதான்.

இதைப் படமாக்க வந்த டாம் ஹூப்பர் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார். பாடல்களை முன்கூட்டியே ஸ்டூடியோவில் பதிவு செய்து, படப்பிடிப்பில் உதட்டை மட்டும் அசைப்பதுதான் வழக்கம். ஹூப்பர் நடிகர்களைக் காமிரா முன்னாலேயே பாட வைத்தார். காதுக்குள் ஒரு சின்ன இயர்பீஸ். செட்டுக்கு வெளியே ஒருவர் பியானோ வாசிப்பார். நடிகர் எங்கே மூச்சு வாங்குகிறாரோ, எங்கே தொண்டை அடைத்து நிற்கிறாரோ, அங்கே பியானோ அவருக்காகக் காத்திருக்கும். முழு வாத்தியக் குழுவைப் பிற்பாடு சேர்த்தார்கள். உடையின் மேல் மாட்டியிருந்த மைக்குகளைக் கணினியில் அழித்தார்கள். நம் ஊரிலும் 1930-களில், பின்னணிப் பாட்டு வருவதற்கு முன்னால், நடிகர்கள் படப்பிடிப்பிலேயே பாடினார்கள், வாத்தியக்காரர்கள் காமிராவுக்குத் தெரியாமல் உட்கார்ந்து வாசித்தார்கள். ஆனால் நம்மவர்களுக்கு அப்போது வேறு வழி இல்லை, ஹூப்பர் விரும்பிச் செய்தார்.

மேடையில் என்ன நடக்கும்? தாளம் வாத்தியக் குழுவை நடத்துகிறவர் கையில் இருக்கும். பாடுகிறவருக்கு அழுகை வந்தாலும் அடுத்த அடி அவருக்காக நிற்காது. அந்த ஓட்டத்துக்குள் அழுகையை அடக்கிக்கொண்டு பாட வேண்டும், அந்த அடக்கத்தில்தான் நமக்குத் தொண்டை அடைக்கும். படத்தில் தாளம் நடிகர் கைக்குப் போய்விட்டது. அதனால் இழுக்கிறார்கள், விசும்புகிறார்கள், பாதி வரியைப் பேசிவிடுகிறார்கள். ஒரு பாட்டு என்றால் சரி. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இதே கதை என்றால் மெட்டு எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறது.

அந்த ஒரு பாட்டு எது என்று உங்களுக்கே தெரியும். ஆன் ஹாத்வே பாடும் 'ஐ டிரீம்ட் எ டிரீம்'. ஃபான்டீன் என்ற ஏழைத் தொழிலாளியின் பாட்டு இது. மேடையில் அவளுக்கு வேலை போனவுடனே வந்துவிடும். கூந்தலை விற்பதும் உடலை விற்பதும் அதற்கு அப்புறம்தான். படத்தில் வரிசையை மாற்றினார்கள். முடி போய், பல் போய், எல்லாம் போன பிறகு பாடுகிறாள். காமிரா முகத்தை விட்டு நகரவே இல்லை, ஏறக்குறைய ஒரே ஷாட். மேடையில் இது கனவு கலைந்த ஒரு பெண்ணின் புலம்பல், படத்தில் இனி இழக்க ஒன்றும் இல்லாதவளின் புலம்பல். மேடை ரசிகன் என்ற முறையிலேயே சொல்கிறேன், இந்த இடத்தில் படம்தான் மேல். துணை நடிகைக்கான ஆஸ்கர் கொடுத்ததில் தப்பே இல்லை.

இதே முறை 'பிரிங் ஹிம் ஹோம்' பாட்டில் காலை வாரிவிட்டது. புரட்சி மாணவர்கள் தெருவில் எழுப்பிய தடுப்பரண் பக்கத்தில் அவர்களில் ஒருவனான மாரியஸ் தூங்குகிறான், அவனைக் காப்பாற்று என்று வால்ஜான் கடவுளிடம் கெஞ்சுகிறான். முதல் லண்டன் வால்ஜானாக நடித்த கோம் வில்கின்சன் குரலுக்காகவே செய்த பாட்டு. உச்ச ஸ்தாயியில், ஆனால் தூங்குகிறவனை எழுப்பிவிடாத மெல்லிய குரலில் பாட வேண்டும். படத்தின் வால்ஜான் ஹியூ ஜாக்மன் முழுத் தொண்டையில் எடுக்கிறார். ஜாக்மன் மேடையில் பழகியவர், பாடத் தெரியாதவர் இல்லை. இருந்தும் பிரார்த்தனை அதட்டலாகிவிட்டது.

ஜாவேராக நடித்த ரசல் குரோவைத்தான் எல்லோரும் கேலி செய்கிறார்கள். குரல் சன்னம்தான், மறுக்கவில்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. பாடிக்கொண்டே கூரை விளிம்பில் ஓரடி ஓரடியாக நடக்கிறார் பாருங்கள், ஜாவேர் எப்படி முடியப் போகிறான் என்பது அந்த நடையிலேயே தெரிந்துவிடுகிறது.

என் உண்மையான வருத்தம் 'ஒன் டே மோர்' பற்றி. மேடையில் முதல் பாதி முடிகிற இடம் அது. வால்ஜான், காதலர்கள், ஒருதலையாகத் தவிக்கும் எபொனீன், புரட்சி மாணவர்கள், ஜாவேர், திருட்டுத் தம்பதி என்று எல்லோரும் ஒரே மேடையில் நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனி மெட்டு. முதலில் ஒவ்வொன்றாக வரும், பிறகு ஒன்றின் மேல் ஒன்று ஏறும். யாரைப் பார்ப்பது என்பது உங்கள் இஷ்டம். எல்லோரும் காதல், புரட்சி என்று கொதிக்கும்போது பிணத்தில் கைவைக்கத் திட்டம் போடும் அந்தத் தம்பதியை மட்டும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கலாம். கடைசியில் அத்தனை பேரும் சேர்ந்து முன்னேறுகிற மாதிரி நிற்பார்கள், பின்னால் செங்கொடி. படத்தில் வால்ஜான் வண்டியில், எபொனீன் அறையில், ஜாவேர் போலீஸ்காரர்களுக்கு நடுவில், வெட்டி வெட்டிக் காட்டுகிறார்கள். கேட்பது கூட்டுப்பாட்டு, பார்ப்பது தனித்தனி முகம். ஒருத்தியின் தனிமையைக் காட்டிய அதே க்ளோஸ்-அப், ஒரு கூட்டத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் கைகொடுக்கவில்லை.

மேடையை ஹூப்பர் மதிக்கவில்லை என்று சிலர் சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய லண்டன் தயாரிப்பில் சுழல் மேடை உண்டு. சண்டை முடிந்ததும் தடுப்பரண் மெதுவாகத் திரும்பும். மறுபக்கம் மாணவர் தலைவன் ஆன்ஜொல்ராஸ் செங்கொடியின் மேல் தலைகீழாகக் கிடப்பான். அரங்கமே மூச்சை அடக்கும் இடம். படத்தில் அவன் குண்டடி பட்டு, கையில் கொடியோடு ஜன்னலில் தலைகீழாகத் தொங்குகிறான். நாடகம் பார்த்தவர்களுக்காகவே வைத்த காட்சி அது. வால்ஜானுக்கு வெள்ளி விளக்குத்தண்டுகளைக் கொடுக்கும் பாதிரியாராக வில்கின்சனையே நடிக்க வைத்தார்கள். பழைய வால்ஜான் புதிய வால்ஜானை வாழ்த்தி அனுப்புகிற மாதிரி. திரையரங்கில் என் பக்கத்தில் இருந்தவர், ஒரு பாதிரியாருக்கு இவன் ஏன் இவ்வளவு உருகுகிறான் என்று பார்த்தார்.

அப்புறம் நேயருக்கு ஒன்று. லண்டன் போகாமலே வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் 1995-இல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த பத்தாம் ஆண்டுக் கச்சேரியின் பதிவைத் தேடிப் பாருங்கள். செட் கிடையாது, மைக் முன்னால் நின்று பாடுகிறார்கள், அவ்வளவுதான். முடிந்த பிறகு பல நாடுகளின் 17 வால்ஜான்கள் ஒருவர் பின் ஒருவராக அவரவர் மொழியில் பாடுவார்கள். ஆனால் முதலில் 'ஒன் டே மோர்' கேளுங்கள், உடனே படத்தில் அதே பாட்டைப் போட்டுப் பாருங்கள். எது பிடித்தது என்று எழுதுங்கள். படம்தான் என்று சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். அடுத்த கேள்விக்குப் போகலாம்.